ஐந்தே இதழில் முடிந்த கேப்டன் ஆக்‌ஷன்

பொம்மை விற்க ஒரு காமிக்ஸ். அதை எழுதினது ஒரு டீன் ஏஜ் பையன். இன்னிக்கு த்ரெட் அவனைப் பத்தி. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

1960களின் தொடக்கம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். சின்ன ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான் 12 வயசு ஜிம் ஷூட்டர். வார்டுல கிடந்த காமிக்ஸைப் புரட்டும்போது ஒண்ணு கண்ணுல பட்டது. மார்வெல் இதழ்கள் கை பட்டுப் பட்டுக் கந்தலாகியிருந்தது. டிசி இதழ்கள் புத்தம் புதுசா அப்படியே இருந்தது. அதாவது, யாரும் தொடல!

டிசிக்கு நல்ல கதை தேவை, நாம எழுதினா வாங்குவாங்கன்னு கணக்கு போட்டான். 13 வயசுல கதை எழுதி, படமும் வரைஞ்சு தபால்ல அனுப்பினான். வாங்கிட்டாங்க. 1966இல் அச்சில் வந்தப்போ வயசு 14.

"அபூர்வக் குழந்தை"ன்னு எல்லாரும் எழுதுவாங்க. எனக்கு அது உறுத்துது. அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி, வீட்டுல பணக் கஷ்டம், அதுக்காகத்தான் எழுதினான். ஸ்கூல் முடிஞ்சு வந்து ராத்திரி கதை எழுதணும். எடிட்டர் மார்ட் வெய்சிங்கர் வாராவாரம் போன்ல கூப்பிட்டுத் திட்டுவாராம். பின்னாடி பேட்டிகள்ல ஷூட்டரே சொன்னது இது.

இப்ப பொம்மைக்கு வருவோம். கேப்டன் ஆக்‌ஷன், 1966, ஐடியல் கம்பெனி. ஒரு அடி உயரம். டிரெஸ்ஸை மாத்தினா சூப்பர்மேன், பேட்மேன், கேப்டன் அமெரிக்கா, ஃபேன்டம் (நம்ம ராணி காமிக்ஸ் மாயாவிதான்!) எல்லாமும் ஆவார். டிரெஸ் தனியா காசு கொடுத்து வாங்கணும். வியாபாரமே அதுலதான்.

1968இல் டிசி இதை காமிக்ஸாக்குது. சிக்கல் புரியுதா? கேப்டன் அமெரிக்கா போட்டிக் கம்பெனி மார்வெலோட சொத்து. ஃபேன்டமும் டிசியோடது இல்ல. பொம்மைப் பெட்டிக்குள்ள எல்லாரும் ஒண்ணா இருக்கலாம், கதைக்குள்ள முடியாது. அப்போ வேஷமெல்லாம் கழட்டிட்டா இந்த ஆள் யாரு?

இந்தக் கேள்விக்கு டிசி காமிக்ஸ்ல பதில் எழுதினது ஷூட்டர். அவர் ஒரு தொல்லியல் ஆய்வாளர், பழங்கால நாணயங்கள் கிடைக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒரு தெய்வத்தோட சக்தி. டிரெஸ்ஸுக்குப் பதிலா நாணயம்! முதல் இதழுக்குப் படம் வாலி வுட். ரெண்டு இதழோட ஷூட்டர் எழுதுறது முடிஞ்சது. மீதி மூணையும் கில் கேன் எழுதி வரைஞ்சார்.

வில்லன் டாக்டர் ஈவில். நீலத் தோல், மூளை வெளியே தெரியும். டாக்டரா சொல்றேன், அப்படிச் சுத்தினா உலகத்தைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி மூளைக்காய்ச்சல் பிடிச்சிடும். ஆனா கேன் அவரை ஹீரோவோட சொந்த மாமனாராகவே ஆக்கினார். பொம்மை விளம்பரத்துக்கு இவ்வளவு யோசிக்கணும்னு அவசியமே இல்ல.

அதுக்குள்ள பொம்மை விற்பனை படுத்துடுச்சு. பொம்மையே போனப்புறம் காமிக்ஸ் எதுக்கு? 1969இல் ஐந்தாவது இதழோட மூடிட்டாங்க. ஷூட்டருக்கு அப்போ 17 வயசு.

1978இல் அவர் மார்வெலுக்கே தலைமை ஆசிரியர் ஆனார். 1984இல் அங்கே இன்னொரு பொம்மைக் காமிக்ஸ் தொடங்கினாங்க. நாலு இதழோட முடிக்கிறதா திட்டம், 80 வரைக்கும் ஓடுச்சு. பேர் டிரான்ஸ்ஃபார்மர்ஸ்.