சிகரெட்டில் அடைத்த கடன்

1976 மே மாதம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சிகரெட் மேல் ஒரு தனி வரி விழுந்தது. மாண்ட்ரியல் நகரின் கிழக்குப் பக்கம் ஓஷலாகா-மேசன்னவ் என்றொரு தொழிலாளர் பகுதி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் அங்கே தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினால், அதில் கொஞ்சம் காசு அதே பகுதியில் எழும்பிக்கொண்டிருந்த ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனது. அதன் வாசலை ஒருநாளும் மிதிக்காதவரும் கொடுத்தார். முப்பது ஆண்டு கொடுத்தார்கள். 2006 நவம்பரில்தான் கடன் அடைந்தது. அந்த ஸ்டேடியத்தில் ஆடிவந்த தொழில்முறை பேஸ்பால் அணி ஊரைவிட்டுப் போய் அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

ஒலிம்பிக் பெயரைத் தாங்கி நின்றாலும், இதன் தொடக்கம் பேஸ்பால்தான். 1968-இல் அமெரிக்காவின் நேஷனல் லீக், நாட்டு எல்லையைத் தாண்டி முதன்முதலாக மாண்ட்ரியலுக்கு எக்ஸ்போஸ் என்ற அணியைக் கொடுத்தது. கூரை போட்ட ஸ்டேடியம் கட்டித் தருகிறோம் என்று மேயர் ழான் திராப்போ அதற்கு வாக்குக் கொடுத்தார். ஏப்ரலிலும் பனி விழுகிற ஊர் அது. கூரை இல்லையென்றால் சீசனின் முதல் வாரங்களில் ஆடுபவரும் நடுங்க வேண்டும், பார்ப்பவரும் நடுங்க வேண்டும்.

அதுவரைக்கும் சமாளிக்க, ஜாரி பூங்காவில் இருந்த சின்ன மைதானத்தை 28,000 பேர் உட்காரும்படி பெரிதாக்கினார்கள். வலதுபக்க வேலிக்கு அப்பால் நகராட்சி நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 1969-இல் பிட்ஸ்பர்க் அணியின் வில்லி ஸ்டார்ஜெல் ஓங்கி அடித்த பந்து நேரே அதில் போய் விழுந்தது. அன்றிலிருந்து குளத்துக்கு 'வில்லியின் குளம்' என்றே பெயர் நிலைத்தது. எக்ஸ்போஸ் அணி அங்கே ஆடிய எட்டு ஆண்டுகளைப் பற்றி அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சலிக்காமல் பேசுகிறார்கள். அந்த மைதானத்துக்காக யார் தலையிலும் பெருங்கடன் ஏறவில்லை.

1970 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, மாஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் விட்டுவிட்டு மாண்ட்ரியலுக்கு 1976 போட்டிகளைக் கொடுத்தது. மெட்ரோ ரயிலையும் 1967 உலகக் கண்காட்சியையும் நடத்திக் காட்டிய திராப்போவுக்குத் தன் கையின்மேல் பெரிய நம்பிக்கை. ஓர் ஆணால் எப்படிப் பிள்ளை பெற முடியாதோ அப்படியே ஒலிம்பிக்கால் நஷ்டம் காட்ட முடியாது என்று சொன்னார். செலவு ஏற ஏற, அந்த ஊர்க் கார்ட்டூனிஸ்ட் ஏஸ்லின் அவரை நிறைமாத வயிற்றோடு வரைந்தார். கருக்கலைப்பு மருத்துவராக நாடே அறிந்த மார்கென்டேலருக்கு மேயர் போன் போடுவதாகப் படம். கனடாவில் மிகவும் பேர்பெற்ற கார்ட்டூன்களில் அது ஒன்று.

ஸ்டேடியத்துக்கு 1970-இல் போட்ட மதிப்பு 13.4 கோடி கனடிய டாலர். வடிவமைத்தவர் பாரிஸின் ரோஜே தையிபேர். வளைந்து எழும் கான்கிரீட் விலா எலும்புகள், அவற்றின் மேல் 45 டிகிரி சாய்ந்து நிற்கும் 165 மீட்டர் கோபுரம், அந்தக் கோபுரத்திலிருந்து கேபிள்களில் தொங்கும் துணிக்கூரை. வேண்டும்போது கூரையைக் குடைபோல மடக்கிக் கோபுரத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். தாளில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அப்படி ஒன்றைக் கடுங்குளிர் ஊரில் அதற்குமுன் யாரும் கட்டிப் பார்த்ததில்லை. 1975-இல் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. நெருக்கியடித்து நின்ற கிரேன்கள் ஒன்றுக்கொன்று வழி மறித்தன. பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கட்டுமான இடத்தில் உயிரிழந்தார்கள். அந்த நவம்பரில் மாகாண அரசு நகராட்சியிடமிருந்து வேலையைப் பிடுங்கி, இதற்கென்றே அமைத்த ஓர் அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 1976 ஜூலை 17-இல் போட்டிகள் தொடங்கியபோது கோபுரம் பாதியில் நின்றது. கூரை இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது? மத்திய அரசு நேரடியாகக் கொடுக்க மறுத்து, லாட்டரி நடத்தவும் ஒலிம்பிக் நாணயமும் தபால்தலையும் விற்கவும் மட்டும் அனுமதித்தது. லாட்டரி நன்றாகவே ஓடியது. அப்படியும் போட்டிகள் முடிந்தபோது நின்ற கடன் ஏறக்குறைய 100 கோடி டாலர். அதில் 20 கோடியை வீட்டுவரியில் சேர்த்து மாண்ட்ரியல்வாசிகளிடம் வாங்கினார்கள். மீதி மாகாணத்தின் தலையில். மாகாணம் கை வைத்தது சிகரெட்டில். புகைப்பவரிடம் வரி வாங்கினால் எதிர்த்துக் கேட்க ஆள் குறைவு என்பது எந்த நிதியமைச்சருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் பாக்கெட் விலை ஒன்றுதான். கூலிக்காரன் சம்பளத்தில் அது பிடித்த இடம் பெரிது. ஸ்டேடியத்தின் 'பிக் ஓ' (Big O) என்ற செல்லப்பெயரில் எழுத்தை நீட்டி, 'பெருங்கடன்' (Big Owe) என்று பொருள்படும்படி ஊரார் மாற்றிக்கொண்டது இந்தக் கடனால்தான். 1980-இல் நீதிபதி ஆல்பர்ட் மாலூஃப் தலைமையிலான விசாரணைக் குழு பெரும்பழியை மேயர் மேலேயே போட்டது. மாண்ட்ரியல் மக்களோ 1978-இலும் 1982-இலும் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

எக்ஸ்போஸ் 1977-இல் இங்கே குடிவந்தது. மக்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது. 1982, 1983 இரண்டு ஆண்டிலும் 23 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். மழையோ குளிரோ, கூரை வந்து சேராத ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

1968-இல் வாக்குக் கொடுத்த கூரை வந்து சேர்ந்தது 1987-இல். கெவ்லார் என்னும் செயற்கை இழையால் நெய்த ஆரஞ்சு நிறக் கூரை. காற்று கொஞ்சம் பலத்து அடித்தால் அதைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. கிழிசல்கள் ஆரம்பித்தன. சில ஆண்டுகளிலேயே இனித் திறப்பதில்லை என்று நிரந்தரமாக மூடிவிட்டார்கள். 1991 செப்டம்பரில் 55 டன் கான்கிரீட் உத்தரம் ஒன்று பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. அந்த நேரம் அங்கே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த சீசனில் மிச்சமிருந்த ஆட்டங்களையெல்லாம் எக்ஸ்போஸ் வெளியூர்களில் ஆடித் தீர்த்தது. 1998-இல் ஆரஞ்சுக் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு, 3.7 கோடி டாலரில் திறக்காத புதுக் கூரை போட்டார்கள். முதல் குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. 1999 ஜனவரியில், கீழே மோட்டார் கண்காட்சிக்குக் கடை விரித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் கூரை பிளந்து பனி கொட்டியது. ஐந்து பேருக்குக் காயம்.

பனி என்றால் பஞ்சுபோல லேசானது என்று வெப்பநாட்டுக்காரர்கள் நினைப்போம். ஈரப்பனி அப்படி இல்லை. படியப் படியத் தண்ணீரின் கனம் ஏறும், துணியில் ஓர் இடம் பள்ளமானால் சுற்றியுள்ளதெல்லாம் அங்கேயே சரிந்து சேரும். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அந்தக் கூரையை ஓட்டினார்கள். 2023-க்குள் அதில் எண்ணியெடுத்த கிழிசல்கள் 20,000. மூன்று சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை விரற்கடை, பனி விழும் என்று வானிலை அறிக்கை சொன்னாலே உள்ளே நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்பது விதியாயிற்று.

1990-களின் கடைசியில் எக்ஸ்போஸ் நிர்வாகம், நகரின் மையத்தில் புது ஸ்டேடியம் வேண்டும், மாகாணம் உதவ வேண்டும் என்று கேட்டது. முதல்வர் லூசியன் பூஷார் 1998-இல் மறுத்தார். ஆஸ்பத்திரிகளை மூடிக்கொண்டிருக்கும் அரசு ஸ்டேடியத்துக்குப் பணம் கொடுக்க முடியாது, பழைய ஸ்டேடியத்தின் கடனே இன்னும் தீரவில்லை என்றார். அவர் செய்தது சரிதான். அதற்கான விலையை ரசிகர்கள் கொடுத்தார்கள். 2004 செப்டம்பர் 29-இல் மாண்ட்ரியலில் நடந்த கடைசி ஆட்டத்தின்போது, வழக்கமாகக் காலியாய்க் கிடந்த ஸ்டேடியத்துக்கு 31,000 பேர் வந்தார்கள். அணி வாஷிங்டனுக்குப் போய் 'நேஷனல்ஸ்' ஆயிற்று. அங்கே அதற்கு 2008-இல் புது ஸ்டேடியம் எழுந்தது. நகர நிர்வாகம் இறக்கிய பணம் 60 கோடி டாலருக்கு மேல்.

மாண்ட்ரியல் மட்டும் இதில் மாட்டவில்லை. அதே 1976-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பொதுப்பணத்தில் 'கிங்டோம்' திறந்தது. 1994-இல் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் உட்கூரை ஓடுகள் பெயர்ந்து இருக்கைகளில் விழுந்தன. 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டடம் பொடியான பிறகும் 2015 வரை அந்த மாவட்ட மக்கள் அதன் கடனைக் கட்டினார்கள்.

மாண்ட்ரியலின் கனடிய வகைக் கால்பந்து அணியான அலுவெட்ஸுக்கு வேறொரு வழி தற்செயலாகத் திறந்தது. 1997-இல் அவர்களின் முக்கியமான ஆட்டம் ஒன்றும் 'யூ டூ' இசைக்குழுவின் கச்சேரியும் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஒரே நாளில் மோதின. மக்கில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மோல்சன் மைதானத்துக்கு ஆட்டத்தை மாற்றினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில், மலைச்சரிவில் கட்டிய சின்ன இடம். கூட்டம் நிரம்பி வழிந்தது. மறு ஆண்டிலிருந்து அதுவே அவர்கள் வீடாயிற்று.

ஒலிம்பிக் ஸ்டேடியம் வீணாகவே கிடந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க எல்லை கடந்து வந்த அகதிகள், பெரும்பாலும் ஹெய்ட்டிக்காரர்கள், அதற்குள் கட்டில் போட்டுத் தங்கினார்கள். பக்கத்து சைக்கிள் பந்தயக் கூடம் 1992-இல் 'பயோடோம்' என்ற உயிரினக் காட்சியகமாக மாறியது. இன்று அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஆசையோடு போகிற இடம் அதுதான்.

2024 பிப்ரவரியில் கியூபெக் அரசு, மூன்றாவது கூரைக்கும் அதைத் தாங்கும் வளையத்துக்கும் 87 கோடி டாலர் ஒதுக்கியது. இடித்துவிடலாமே என்றவர்களுக்கு, இடிக்கவே 200 கோடி ஆகும் என்று அமைச்சர் பதில் சொன்னார். அந்தக் கணக்கை நம்பாதவர்கள் பலர். 2006 வரை ஸ்டேடியத்துக்கு ஆன மொத்தச் செலவே, பழுதும் வட்டியும் சேர்த்து, 160 கோடிக்குச் சற்று அதிகம். வேலை 2024 கோடையில் தொடங்கியது. 2028-இல் கதவு திறப்பதாகத் திட்டம். திராப்போ பேஸ்பாலுக்காகக் கூரைக்கு வாக்குக் கொடுத்து அப்போது அறுபது ஆண்டு நிறைந்திருக்கும். அந்தப் பேஸ்பால் அணி ஊரைவிட்டுப் போய் இருபத்துநான்கு ஆண்டு.