பரணில் கிடந்த துப்பாக்கியும் படிக்கத் தவறிய எழுத்தும்

2019 ஆம் ஆண்டு மார்ச் திங்களில் இங்கிலாந்து நாட்டில் ஓர் ஏலம் நடைபெற்றது. பெர்க்ஷயர் பகுதியில் ஒரு குடும்பத்தாரின் வீட்டுப் பரணில், செய்தித்தாளில் சுற்றப்பட்டு நெடுங்காலம் கிடந்த சில படைக்கலங்கள் அன்று விலை கூறப்பட்டன. அவற்றுள் ஒன்று வெள்ளிப் பூண் பூட்டிய, துப்பாக்கி முனைக் கத்தியுடன் கூடிய ஒரு துப்பாக்கி. அது 60,000 பவுனுக்கு விலை போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் தாமஸ் ஹார்ட் என்பவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சிக்குப் பின் கொண்டு சென்ற பொருள்கள் அவை. ஷஹீத் திப்பு சுல்தான் அவர்களின் சொந்த ஆயுதசாலையைச் சேர்ந்தது அத்துப்பாக்கி என அறியப்பட்டது. ஏலத்தை நிறுத்தி அவற்றை இந்தியாவுக்கு அளிக்க வேண்டுமெனக் குரல்கள் எழுந்தன. எனினும் ஏலம் நடந்தேறியது.

இச்செய்தியைப் படித்தபோது நமக்கு வருத்தத்தினும் நாணமே மிகுதியாக ஏற்பட்டது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். அதற்குமுன் அத்தகைய துப்பாக்கி எங்ஙனம் உருவாயிற்று என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

மைசூரின் ஆயுதசாலைகள்

மைசூர் அரசின் படைக்கலத் தொழிலுக்குத் தமிழகத்தோடு தொடர்பு உண்டு. 1755 ஆம் ஆண்டு திண்டுக்கல்லின் பவ்ஜுதாராக அமர்ந்த ஹைதர் அலீ அவர்கள், பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் அங்கே ஓர் ஆயுதசாலையை நிறுவினார்கள். ஐரோப்பியப் படைகளின் வலிமை அவர்களுடைய உடல் வலிமையில் இல்லை, கருவிகளிலும் ஒழுங்கிலும் இருக்கிறது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். 1782 இல் ஆட்சிக்கு வந்த அவர்களுடைய மைந்தர் திப்பு சுல்தான் இத்தொழிலை மேலும் உயர்த்தினார்கள். 1787 இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் தூதர்களை அனுப்பியபோது அவர்கள் வேண்டியவற்றுள் கைவினைஞர்களும் அடங்குவர். படையுதவியை மட்டும் கேட்டுப் பெற்றால் அது போரோடு முடிந்துவிடும். தொழிலறிவைப் பெற்றால் அது நாட்டில் தங்கிவிடும் என்பது அவர்களின் எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

இவ்வாறு மைசூர் நாட்டுக் கொல்லர்கள் செய்த துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் வகையைச் சேர்ந்தவை. அமைப்பில் அவை ஐரோப்பியத் துப்பாக்கிகளை ஒத்தவை. அணியிலும் எழுத்திலும் முற்றிலும் நம்முடையவை. கல்லைப் பற்றிநிற்கும் குதிரை என்னும் உறுப்பு புலியின் வடிவில் அமையும். குழலில் புலியின் வரிகள் பொறிக்கப்படும். ‘அஸதுல்லாஹில் காலிப்’ என்னும் சொற்றொடர் புலிமுகமாகவே எழுதப்பட்டிருக்கும். ‘வெற்றி கொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம்’ எனப் பொருள்படும் இது ஹள்ரத் அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் சிறப்புப் பெயராகும். செய்தவரின் பெயர், செய்த ஊர், செய்த ஆண்டு ஆகியனவும் பலவற்றில் உண்டு. ஆகவே ஒரு துப்பாக்கி ஓர் ஆவணமும் ஆகும்.

ஆண்டைப் படிக்கும் முறை

இந்த ஆவணத்தைப் படிப்பது அரபு தெரிந்த எல்லோர்க்கும் எளிதன்று. திப்பு சுல்தான் 1787 ஆம் ஆண்டளவில் ஹிஜ்ரி ஆண்டுக்கு மாறாக ‘மவ்லூதீ’ என்னும் புதிய ஆண்டுமுறையைக் கொண்டுவந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பை ஒட்டி எண்ணப்பட்ட இம்முறை, சந்திர மாதங்களைச் சூரிய ஆண்டோடு இசைவிப்பது. அதனால்தான் ஹிஜ்ரி 1201 ஐ ஒட்டி மவ்லூதீ 1215 தொடங்கியது. நாணயங்களில் 1200 இலிருந்து திடீரென 1215 க்குத் தாவுவதைக் கண்டு திகைப்போர் இக்காரணத்தை அறிதல் வேண்டும். மவ்லூதீ ஆண்டோடு 572 ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறித்தவ ஆண்டு கிடைக்கும்.

மற்றொரு மாற்றமும் செய்யப்பட்டது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லினும், எண்களை நாம் இடப்புறத்திலிருந்தே படிக்கிறோம். அவர்களோ எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார்கள். 1224 என்னும் ஆண்டை வழக்கமான முறையில் படிப்பவருக்கு அது 4221 எனத் தோன்றும். எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளிப்பதிலும் மதரஸாக்களில் நாம் பயிலும் ‘அப்ஜத்’ முறையை விடுத்து, அலிஃப், பே, தே, ஸே என்னும் அகரவரிசையைப் பின்பற்றும் ‘அப்தஸ்’ முறையை மேற்கொண்டார்கள். ஜீம் என்னும் எழுத்துக்கு அப்ஜதில் மூன்று, அப்தஸில் ஐந்து. இதனை அறியாமல் கணக்கிட்டால் ஆண்டு பிழைபடும்.

நாம் இழைத்த பிழை

நமது நாணத்தின் காரணத்தை இனிக் கூறலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கடற்கரையூர் ஒன்றிலுள்ள தம் பாட்டனார் வீட்டுக்கு நம்மை அழைத்துச் சென்றார். அவ்வீட்டுப் பரணில் பழைய பாய்களுக்கிடையே வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் துப்பாக்கி ஒன்று கிடந்தது. கட்டை செல்லரித்திருந்தது, குழலைத் துரு மூடியிருந்தது. “ஹள்ரத், இதில் அரபு எழுத்து இருக்கிறது, பாருங்கள்” என்றார். விளக்கொளியில் நான்கு எண்களும் சில எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. எண்களை 4221 எனப் படித்தோம். அத்தகைய ஹிஜ்ரி ஆண்டு இல்லை. எனவே அது ஆயுதசாலையில் இட்ட தொகையெண்ணாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டோம். எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்குமாறும், போகாத துருவை உப்புத்தாளால் எடுக்குமாறும் அறிவுரை கூறினோம்.

ஆசிரியர் சொல்லை அம்மாணவர் அப்படியே நிறைவேற்றினார். அடுத்த மாதம் சென்று பார்த்தபோது குழல் புதுப் பாத்திரம்போல் மின்னியது. துருவோடு எழுத்தும் எண்ணும் போய்விட்டன. ஒரு மீமின் தலை மட்டும் எஞ்சியிருந்தது. மவ்லூதீ ஆண்டைப் பற்றியும் எண்களைத் திருப்பி எழுதும் முறையைப் பற்றியும் நாம் படித்தறிந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே. அது மைசூரில் செய்யப்பட்டதுதானா என்பதை இனி எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் நினைவிலுள்ள நான்கு எண்கள் வரலாற்றுக்குச் சான்றாகமாட்டா. நம் பரணில் கிடந்ததை நாமே அழித்துவிட்டு, அந்நியரின் பரணில் பிழைத்திருந்ததற்காகக் குரல் எழுப்புவது எவ்வளவு பொருந்தும்?

பாதுகாக்கும் நெறி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2014 நவம்பரில் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்துவைக்கப்பட்ட நிலையில் வின்செஸ்டர் துப்பாக்கி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது 1882 இல் செய்யப்பட்டது. மன்னரோ தளபதியோ அல்லர், யாரோ ஒரு எளிய மனிதர் வைத்துச் சென்ற கருவி. கட்டையின் அடிப்பகுதி மண்ணில் புதைந்து வெடித்திருந்தது. அதனை ஒருவரும் தேய்க்கவில்லை. வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்துக்கு அனுப்பினர். அங்கே மருத்துவமனையில் நோயாளிக்கு எடுப்பதுபோல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். குழலில் குண்டு இல்லை. ஆயினும் கட்டையின் உட்குழியில் ஒரு தோட்டா இருந்தது. உதிரும் மரத்தை உறுதிப்படுத்தினரேயன்றிப் புதிதாக்கவில்லை. வெயிலில் வெளுத்த கட்டையும் துருவேறிய குழலுமே அதன் வரலாறு என அவர்கள் கருதினர்.

நம் நாட்டிலும் நற்செயல்கள் நிகழாமல் இல்லை. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா என்னும் ஊர், ஹைதர் அலீ 1763 இல் வென்று ஹைதர் நகர் எனப் பெயரிட்ட இடமாகும். 2018 இல் அங்குள்ள பாழுங்கிணறு ஒன்றின் சேற்றில் வெடிமருந்தின் நெடி வீசுவதை உணர்ந்து தோண்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன. 2002 இல் அதே பகுதியில் கிடைத்தவை பல ஆண்டுகள் வெறும் பீரங்கிக் குண்டுகளாகவே எண்ணப்பட்டுக் கிடந்தன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கண்டெடுத்தல் ஒன்று, கண்டறிதல் வேறொன்று.

ஆகவே இத்தகைய பொருள் நம் வீடுகளிலோ பள்ளிவாசல்களிலோ தென்படுமாயின் செய்யத்தக்கன சில. முதலாவது, உள்ளே மருந்து இல்லை என உறுதியாகும்வரை விசையைத் தொடலாகாது. நூறாண்டு கடந்தும் உள்ளே மருந்து தங்கியிருக்கக்கூடும். இரண்டாவது, தேய்க்கலாகாது, புளி, எலுமிச்சை, உப்புத்தாள், வார்னிஷ் ஆகியன எழுத்துக்குப் பகை. மூன்றாவது, உள்ளவாறே பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்து, யாருடையது, எவ்வழியாக வந்தது என்பதை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். நான்காவது, ஈரமில்லாத இடத்தில் வைத்து அருங்காட்சியகத்தாரிடம் காட்ட வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வதை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மண்ணில் கிடைத்த புதையலாயின் 1878 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும்.

முன்னோர் விட்டுச்சென்ற பொருள் நமக்கு உடைமை மட்டுமன்று, அமானிதமும் ஆகும். அமானிதத்தை அழகுபடுத்துவது நம் கடமையன்று. குறையாமல் ஒப்படைப்பதே கடமை. அம்மாணவர் இன்று ஒரு மதரஸாவில் ஆசிரியராக இருக்கிறார். மின்னும் அந்தக் குழலை அவர் வகுப்பறை அலமாரியில் வைத்திருக்கிறார். இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால், “எழுத்தை எப்படித் தொலைப்பது என்பதற்கு” என்று விடை கூறுகிறாராம். அதைத் தொலைத்தவர் தம் ஆசிரியர் என்பதையும் சேர்த்தே சொல்லுமாறு அவரை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.