டியூலிப் வந்த கடல்

நிலாவெளிக்குப் போகும்போது சாம்பல்தீவுப் பாலத்தைக் கடக்காதவர் நம்மில் யார்? பெயரில்தான் தீவு. களப்பும் கடலும் ஒட்டிக்கிடக்கும் கரையூர் இது. மெய்யான ஆளில்லாத் தீவு இன்னும் வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாமலைதான். வெள்ளைக்காரர் காலத்தில் துவக்குச் சுட்டுப் பழகிய அந்தப் பாறை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. மாடப்புறாவையும் முருகைக்கல்லையும் பார்க்க நாடெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். இது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

நாங்கள் சொல்ல வந்தது அந்தத் தீவுக்கு அப்பால், ஆழ்கடலில் அலைந்த ஒரு சிறு பாய்மரப் படகைப் பற்றி.

1979இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக்கி, வணிகத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதைத் தடுத்தது. அதுவரை திமிங்கிலத்தைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி வேட்டைக் கப்பல்களில் அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கொல்லாமலும் படிக்கலாம் என்று காட்ட, உலக வனஜீவராசிகள் நிதியத்தின் உதவியோடு 'டியூலிப்' வந்தது. ஹால் வைற்ஹெட் என்ற ஆய்வாளரும் தோழர்களும் அதில் இருந்தார்கள். தேடி வந்தது அம்பர் தரும் திமிங்கிலத்தை. (ஆம், அத்தர்க் கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் அதே அம்பர்தான்.) தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அது எழுப்பும் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டுப் பின்தொடர்ந்தார்கள்.

திருகோணமலையில் இன்னொன்றும் காத்திருந்தது. நம் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. அதனால் ஆழ்கடல் கரையருகே வந்துவிடுகிறது. அதோடு நீலத்திமிங்கிலமும் வருகிறது. உலகிலேயே மிகப் பெரிய உயிரைக் கோணேசர் மலையில் நின்றபடியே பார்க்கலாம். 1984இல் இங்கே பதிவான அதன் குரலை 'இலங்கைக் குரல்' என்றே இன்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் காலம் எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 83க்குப் பிறகு கடல் பாதுகாப்பு வலயமானது. ஆய்வு நின்றது. நம் மீனவர் கடலுக்குப் போவதற்கே அனுமதி கேட்டு நின்றார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பயம், இல்லையென்றால் தொழில். பார்த்து வியக்கும் இடமாக அது இருக்கவில்லை.

போன தவணை வகுப்பில் அந்தக் குரலைத் தொலைபேசியில் போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு தாழ்ந்த ஒலி அது. வேகத்தைக் கூட்டிப் போட்டபோதுதான் நீண்ட முனகல் போல ஒன்று வந்தது. வகுப்பு அப்படியே அமைதியானது.

"சேர், யூனுஸ் நபியை விழுங்கின மீன் இதுதானா?"

அல்லாஹ்வே அறிந்தவன் என்றோம். நீலத்திமிங்கிலத்தின் தொண்டை மிகச் சிறியது, அதனால் ஆளை விழுங்க முடியாது என்றும் சொன்னோம். பின்வாங்கிலிருந்த பிள்ளை ஒன்று எழுந்து, "எங்கட வாப்பா இதை நிறையத் தரம் கண்டிருக்கிறார் சேர், யாரும் கேக்கல்ல, அதுதான் சொல்லல்ல" என்றது.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அந்த வாப்பாவைப் பார்க்கப் போகிறோம், கொப்பியும் பேனையுமாக.