மடியில் குழந்தை, கையில் கிதாபு

"பிள்ளைகள் சற்று வளரட்டும், பிறகு புத்தகத்தைத் தொடலாம்" என்று இளம் தாய்மார்கள் பலர் சொல்வதுண்டு. வாசிப்புக்குத் தனிமையும் அமைதியும் வேண்டும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. நம் முன்னோரின் வாசிப்பு வரலாறோ வேறொரு காட்சியைக் காட்டுகிறது.

ஹிஜ்ரி 6 முதல் 8 வரையிலான நூற்றாண்டுகளில் திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரில், ஹதீஸ் நூல்கள் சபையில் உரக்க வாசிக்கப்பட்டன. பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் மட்டுமல்ல, வீடுகளிலும் தோட்டங்களிலும் அச்சபைகள் கூடின. வாசித்தவர் யார், கேட்டவர்கள் யார், எந்த நாள், எந்த இடம் என்பதெல்லாம் அந்நூலின் ஏட்டிலேயே எழுதப்பட்டன. இதற்கு 'ஸமாஃ' என்று பெயர். இடையில் உறங்கியவரைக்கூடக் குறித்துவைத்த பதிவுகள் உண்டு. அப்பட்டியல்களில் அறிஞர்களோடு கைவினைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். சின்னஞ்சிறு குழந்தைகளும் இருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பதிவதற்கு ஒரு முறை இருந்தது. ஐந்து வயது நிரம்பிய பிள்ளைக்கு 'ஸமிஅ' (கேட்டார்) என்றும், அதற்கும் குறைந்த வயதினருக்கு 'ஹளர' (வந்திருந்தார்) என்றும் எழுதுவது ஹதீஸ் கலையினரின் வழக்கம் என இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) குறிப்பிடுகிறார். இவ்வயதுக்கு ஆதாரமாக ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தியைக் காட்டுவர். தமக்கு ஐந்து வயதாயிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் ஒரு வாளியிலிருந்து நீரை வாயில் எடுத்துத் தம் முகத்தில் உமிழ்ந்ததை மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) நினைவுகூர்ந்தார்கள். விளையாட்டாய் நிகழ்ந்த ஒரு கணம், கல்விக்கு வயதெல்லை வகுக்கும் சான்றாயிற்று!

இவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டவர்களுள் ஒருவர் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதீ (ரஹ்). ஹிஜ்ரி 723இல் பிறந்த அவர், நூறு வயதைக் கடந்த முதுபெரும் அறிவிப்பாளர் அல்ஹஜ்ஜாரின் சபையில் ஸஹீஹுல் புகாரியைச் சிறு குழந்தையாகவே கேட்டார். 816இல் மறையும்வரை அச்செல்வம் அவரிடம் இருந்தது. இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவரிடம் கற்றார்கள். அந்த இமாமின் துணைவியார் உன்ஸ் காத்தூன், பெண்மக்களை வளர்த்துக்கொண்டே ஹதீஸ் பயிற்றியவர்.

இவர்கள் கல்விக் குடும்பத்தினர். குறுகிய அறிவிப்புத் தொடரைப் பெறும் ஆர்வமும் குழந்தைகளை அழைத்துச் சென்றதற்கு ஒரு காரணம். ஆயினும் குழந்தை இருக்கிறதென்று சபை கலையவில்லை. குழந்தைக்கும் அங்கே ஓர் இடம் வகுக்கப்பட்டது.

இன்பத்துக்காக வாசிப்பதும் நமக்குப் புதிதன்று. கிஸ்ஸா, மாலை, மசலா, நாமா எனத் தமிழ் முஸ்லிம்கள் படைத்தவை பல, உரக்கப் படித்தும் பாடியும் சுவைப்பதற்குரியவை. குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், அதே எழுத்தறிவைக் கொண்டு அரபுத்தமிழில் தம் தாய்மொழி நூல்களையும் படித்தார்கள்.

ஆகவே, தனித்து மௌனமாய்ப் படிப்பது வாசிப்பின் ஒரு முறை மட்டுமே. தாய் தனக்குப் பிடித்த கதையையோ வரலாற்றையோ நாளுக்கு இரண்டு பக்கம் வாய்விட்டு வாசிக்கலாம். தந்தையும் அவ்வாறே செய்யலாம். மடியிலிருக்கும் மழலைக்குப் பொருள் விளங்க வேண்டியதில்லை. அதன் பெயருக்கு நேரே 'ஹளர' என்று எழுதிக்கொண்டால் போதும். 'ஸமிஅ' என்று எழுதும் நாளும் வரும், இன்ஷா அல்லாஹ்.