உட்சாயும் விழி: பழி இடம் மாறிய வரலாறு

இரவில் வண்டியோட்டும்போது முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு விளக்குகள் நான்காகத் தெரிகின்றன. ஒரு கண்ணை மூடினால் மறுபடி இரண்டாகிவிடுகின்றன. வீட்டுக்கு வந்து செய்தித்தாளைப் பிரித்தால் எழுத்து இரட்டிக்காமல் ஒழுங்காக நிற்கிறது. நடுவயதைத் தாண்டியவர்கள் கண் மருத்துவரிடம் இப்படி முறையிடுவது வழக்கம். குழந்தைப் பருவத்தில் கண் உட்புறம் சாய்ந்தால் மூளை அந்தக் கண்ணின் காட்சியை ஒதுக்கப் பழகிக்கொள்ளும். அதனால் இரட்டைப் பார்வை இராது. வளர்ந்த மூளைக்கு அந்தப் பழக்கம் எளிதில் வருவதில்லை. ஒன்றரைக்கண் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தேற்றிக்கொள்வதெல்லாம் சிறுவயது மாறுகண்ணோடு சரி. நாற்பதிலோ எழுபதிலோ வரும் மாறுகண், மாடிப்படி இறங்குவதையே சிரமமாக்கிவிடும்.

இந்தக் கோளாறின் மூலம் எங்கே என்ற கேள்விக்கான விடை இரு நூற்றாண்டுகளில் பலமுறை இடம் மாறியிருக்கிறது. முதலில் பழி விழுந்தது தசைமீது. 1838இல் ஹனோவரைச் சேர்ந்த ஸ்ட்ரோமேயர், மாறுகண்ணுக்குத் தசையை வெட்டலாம் என்று பிணத்தில் செய்துபார்த்து எழுதினார். 1839 அக்டோபர் 26 அன்று பெர்லினில் டீஃபென்பாக் அதை ஒரு சிறுவனுக்குச் செய்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. சிகிச்சை ஐரோப்பா முழுவதும் காட்டுத்தீயாகப் பரவியது. கூடவே அதன் கேடும் பரவியது. உட்பக்கத் தசையை முழுதாக அறுத்துவிட்டதால், உள்ளே சாய்ந்திருந்த கண் பலருக்கு வெளியே சாய்ந்தது. அடுத்த தலைமுறையில் ஃபொன் கிரேஃபே வெட்டின் அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்.

1864இல் டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் வேறொரு காரணத்தைக் காட்டினார். தூரப்பார்வை உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்க விழிவில்லையைக் குவிக்கும் தசையை இறுக்க வேண்டியிருக்கிறது. அந்த இறுக்கத்தோடு கண்களும் மூக்கை நோக்கிச் சாய்கின்றன. பிளஸ் கண்ணாடி போட்டால் நேராகின்றன. எடுப்பான விளக்கம்தான். ஆனால் வளர்ந்த பிறகு கண் உட்சாய்ந்தவர்களில் பலர் மைனஸ் கண்ணாடிக்காரர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்.

அந்தப் புதிரை விரிவாக எடுத்துக்கொண்டவர் ஆல்பிரெட் பீல்ஷோவ்ஸ்கி. 1922இல் அவர் விவரித்த நோயாளிகள் கிட்டப்பார்வை உள்ள பெரியவர்கள். கண்ணாடி அணியாமல் எழுத்தை முகத்தருகே பிடித்து நெடுநேரம் படிப்பவர்களுக்கு உட்பக்கத் தசைகள் இறுகியே பழகிவிடுகின்றன. நிமிர்ந்து தூரத்தைப் பார்க்கும்போது அந்த இறுக்கம் விடுவதில்லை என்றார். பழி தசையிலிருந்து பழக்கத்துக்கு நகர்ந்தது. யூத வம்சாவளி என்பதால் நாஜி ஆட்சியில் பிரெஸ்லாவ் நகரில் வகித்த பதவியை இழந்த அவர், அமெரிக்காவின் டார்ட்மத் கண் ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார். அங்கே அவரோடு பணியாற்றிய ஹெர்மன் புரியன், 1958இல் மில்லருடன் சேர்ந்து திடீர் உட்சாய்வை மூன்றாக வகுத்தார்: ஒரு கண்ணைக் கட்டிவைத்த பின் வருவது, உடல் அல்லது மன அதிர்ச்சிக்குப் பின் வருவது, பீல்ஷோவ்ஸ்கி சொன்ன கிட்டப்பார்வைக்காரருடையது. இன்றும் பாடநூல்கள் இந்த வகைப்பாட்டைத்தான் ஒப்பிக்கின்றன. என் பார்வையில் இது காரணங்களின் பட்டியல் அல்ல, நோய் தொடங்கிய சந்தர்ப்பங்களின் பட்டியல்.

2016இல் தென்கொரிய மருத்துவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஸ்மார்ட்போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்த 12 இளையோரைப் பற்றி எழுதியபோது பழைய வாதம் மீண்டும் உயிர்பெற்றது. போனை விலக்கியபின் சாய்வுக் கோணம் குறைந்தது. ஆனாலும் சிலருக்கு அறுவை தேவைப்பட்டது. பன்னிரண்டே பேர், ஒப்பிட வேறொரு குழு இல்லை. அந்த ஆய்வைவிடச் செய்தித் தலைப்புகள்தான் உறுதியாகப் பேசின.

முதியவர்களின் கதை வேறு. தூரத்தில் மட்டும் இரட்டிக்கும் அவர்களது பார்வைக்கு 1883இல் பரினோ மூளையைக் காரணமாக்கினார்: கண்களை வெளிப்புறமாக விரிக்கும் ஆற்றல் செயலிழந்துவிட்டது என்றார். அதன்பின் வந்த டுவேனின் மாறுகண் வகைப்பாட்டிலும் அது விரிதல் குறைபாடாக இடம்பெற்றது. ஆனால் வேறெந்த நரம்புக் கோளாறும் இல்லாத முதியவர்களை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் மூளையில் ஒன்றும் அகப்படுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஜோசப் டெமரும் உடனாய்வாளர்களும் எம்ஆர்ஐயை மூளையோடு நிறுத்தாமல் கண்குழிக்குள் திருப்பினார்கள். கண் தசைகள் இணைப்புத் திசுவாலான கப்பிகள் வழியே ஓடுகின்றன. மேல்தசையையும் வெளிப்பக்கத் தசையையும் பிணைக்கும் மெல்லிய பட்டை வயதோடு நைந்துபோகிறது. வெளிப்பக்கத் தசை, தொய்ந்த கொடிக்கயிறுபோல் கீழே இறங்குகிறது. வெளியே இழுக்க வேண்டிய விசையில் ஒரு பங்கு கீழ்நோக்கிப் போய்விடுவதால் கண் உட்சாய்கிறது. இருபுறமும் சமமாகத் தொய்ந்தால் காட்சி பக்கவாட்டில் இரட்டிக்கும். ஒருபுறம் கூடுதலாகத் தொய்ந்தால் மேலும் கீழுமாக. 2013இல் சவுத்ரியும் டெமரும் இதை விரிவாக நிறுவினார்கள். குழிந்த மேலிமையும் தொங்கும் கீழிமைப் பையும் பார்த்த மாத்திரத்தில் துப்புத் தருகின்றன.

சிகிச்சை இந்த வாதங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒளியை ஒரு மீட்டர் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் விலக்குவது ஒரு பிரிசம் டயாப்டர் என்று பிரென்டிஸ் 1890இல் அளவு வகுத்தார். இன்றும் சிறு கோணத்துக்குக் கண்ணாடியில் பிரிசம் சேர்த்தாலே விளக்குகள் ஒன்றாகிவிடும். சான்பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் நுண்ணளவு பாட்டுலினம் நஞ்சை மாறுகண் தசையில் ஊசிவழி ஏற்றி, 1980இல் முடிவுகளை வெளியிட்டார். 1989இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. பிற்பாடு போடாக்ஸ் என்று பெயர் பெற்று நெற்றிச் சுருக்கத்துக்குப் போன மருந்து இதுதான். அறுவையில், முதியவர்களின் வெளிப்பக்கத் தசையைக் குறுக்குவதே முறை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. உட்பக்கத் தசையைப் பின்னுக்குத் தைத்தாலும் அதே பலன், ஆனால் வழக்கமான அட்டவணையைவிடக் கூடுதலாகத் தள்ள வேண்டும் என்று டெமர் குழு 2012இல் காட்டியது.

மூளையின்மேல் விழுந்த பழைய ஐயம் இன்னும் கைவிடப்படவில்லை, கைவிடவும் கூடாது. மருத்துவர் கண்ணை மாற்றி மாற்றி மறைத்து, பிரிசம் பட்டையை மேலும் கீழும் நகர்த்திக் கோணத்தை அளக்கிறார்: கிட்டே, தூரத்தே, இடம், வலம். ஒரு பக்கம் பார்க்கும்போது கோணம் கூடினால், கண்ணை வெளியே திருப்பும் ஆறாம் நரம்பு செயலிழந்ததோ என்று ஐயம். சர்க்கரை, ரத்தஅழுத்தக்காரருக்கு அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். தலைவலி, நடைத் தள்ளாட்டம், விழி தானாக ஆடுதல் சேர்ந்திருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுமூளைக் கட்டியோ, சிறுமூளை கழுத்துப் பக்கம் இறங்கும் கியாரிக் கோளாறோ திடீர் உட்சாய்வாக முதலில் தலைகாட்டலாம். சாய்வு எப்போது தொடங்கியது என்பது நோயாளிக்கே பல சமயம் தெரியாது. அதனால் அனுபவமுள்ள மருத்துவர் பழைய போட்டோக்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் கருவிழியில் மின்னும் ஃபிளாஷ் புள்ளி இரு கண்ணிலும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்கிறார்.