ஒலியட்டை: பழையதும் புதியதும்



ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பொறி ஏறத்தாழ ஓர் ஊமை. அதனுள் இருந்த சிறு ஒலிபெருக்கி ‘கீச்’சென்று கத்துமேயன்றிப் பேசாது, பாடாது. அந்த ஊமைக்கு வாயும் செவியும் தந்த சிறு பலகையையே ஒலியட்டை என்கிறோம். அதில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுச் சில சொல்ல விரும்புகின்றேன்.

1987இல் கனடா நாட்டு ஆட்லிப் நிறுவனம் ஓர் அட்டையைக் கொணர்ந்தது. அதிலிருந்த யமஹா சில்லு ஒரே வேளையில் ஒன்பது குரல்களில் இசை எழுப்பியது. ஆயினும், மனிதர் பேசுவதை வாங்கிப் பதியும் ஆற்றல் அதற்கில்லை. அக்குறையை நீக்கியது, தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூர். அங்கே சிம் வோங் ஹூ என்பார் நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் அட்டையை வெளியிட்டது. அதே யமஹா சில்லோடு, குரலைப் பதிந்து திருப்பிச் சொல்லும் வழியும் அதில் அமைந்திருந்தது.

கணிப்பொறி ஒலியை எண்ணாக்கியே சேமிக்கும். அந்த முதல் அட்டை, பதியும்போது நொடிக்கு 12,000 முறை வரையே ஒலியை அளக்கும். ஒவ்வோர் அளவையும் 256 படிகளுள் ஒன்றில் அடக்கும். 1992இல் வந்த ‘சவுண்ட் பிளாஸ்டர் 16’ நொடிக்கு 44,100 முறை அளந்தது, படிகளோ 65,536. அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிய இயலாது என்பது விதி. ஆகவே, பழைய அட்டையில் 6,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள் நில்லா. மனிதச் செவியோ ஏறத்தாழ 20,000 வரை கேட்கும்.

பின்னர் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏசி 97 என்னும் நெறி பரவியது. ஒலியட்டை தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லாகக் கரைந்தது. நுண்ணிய பதிவு வேண்டுவோர் இன்று, கணிப்பொறியின் உள்ளிரைச்சல் தீண்டாதபடி வெளியே வைக்கும் சிறு பெட்டியை நாடுகின்றனர்.

இனி என் கதை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. அங்கே ஒரு லேத் பட்டறையில் உழைத்தவர் என் தந்தையார். பேத்திக்கு அவர் கதை சொல்லியதை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தேன். அவர் மறைந்தபின், 1995இல், ஆவடியிலிருந்த நண்பரின் கணிப்பொறியில் அதனை ஏற்றினோம். அவரிடம் இருந்தது பழைய அட்டை. நிமிடத்துக்கு ஏழு இலட்சம் பைட்டுகளே ஆயின; உயர்ந்த முறையில் இரு காதுக்கும் பதிந்தால் ஒரு கோடிக்கு மேலாகும். இடம் மிச்சமென்று மகிழ்ந்தோம். ‘கணிப்பொறியில் ஏறிவிட்டது, இனி அழிவில்லை’ என்று நம்பி, அந்தக் கேசட்டிலேயே திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டேன்.

அண்மையில் புதிய ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கி, அப்பதிவை ஆவலோடு கேட்டேன். சொல்லெல்லாம் விளங்கின. விளங்குவதில் வியப்பில்லை, தொலைபேசி நெடுங்காலம் 3,400 அதிர்வு வரையே கடத்தி வந்தது, அதில் நாம் பேசிக்கொள்ளவில்லையா? ஆனால் என் தந்தையாருக்கு முன்பல் ஒன்று இல்லை. ‘ச’கரம் வருமிடமெல்லாம் மெல்லிய சீழ்க்கை ஒன்று எழும், பேத்தி அதற்காகவே சிரிப்பாள். அந்தச் சீழ்க்கை பதிவில் இல்லை. கதை இருந்தது, கதை சொன்னவர் பாதியே இருந்தார். புதிய பெட்டி செய்ததெல்லாம், பழைய அட்டையின் இரைச்சலை மேலும் தெளிவாகக் காட்டியதே.

பழைய அட்டையைப் பழிக்கமாட்டேன். தன்னால் இயன்றதை அது செய்தது. மூலத்தை அழித்தவன் நான். பதியாது விட்ட ஒலியைப் பின்வரும் எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் பாட்டியர் தாலாட்டும் திருமண நாகசுரமும் கேசட்டுகளாய் உறங்குகின்றன. அவற்றை நல்ல கருவியால், சுருக்காமல், முழு அளவில் பதியுங்கள். பதிந்தபின்னும் கேசட்டை எறியாதீர்கள்; ஈரமும் காந்தமும் அணுகாமல் காத்து வையுங்கள். இன்று புதியதென்று நாம் போற்றும் கருவியும் நாளை பழையதாகும். அன்று கைகொடுப்பது மூலம் ஒன்றே.