இருபத்திரண்டு எண்களைத் தட்டியவர்கள்

முதலில் 7 எண்கள். அது உள்ளூர் எண்தான். மறுமுனையில் ஆள் யாரும் எடுத்துப் பேசமாட்டார்கள், ஒரு ஒலி மட்டும் கேட்கும். அந்த ஒலி வந்ததும் போன் பக்கத்தில் ஒட்டிவைத்த துண்டுச்சீட்டைப் பார்த்து 5 எண்கள் கொண்ட ரகசியக் குறியைத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச வேண்டியவரின் ஊர் எண்ணும் வீட்டு எண்ணும் சேர்ந்து 10. ஆக மொத்தம் 22. நடுவில் ஒன்று பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் எம்.சி.ஐ. கம்பெனி வழியாக வெளியூருக்குப் பேசியவர்களின் பாடு இது. அதே போனில் 1 என்று ஆரம்பித்து 11 எண்களைத் தட்டினால் ஏடி அண்ட் டி கம்பெனி நேராக இணைத்துவிடும். குரலும் தெளிவாகக் கேட்கும். எம்.சி.ஐ. வழியாகப் போனால் குரல் சில நேரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிப்போகும். சுழற்றும் டயல் வைத்த பழைய போன் இருந்தால் அதுவும் நடக்காது, பட்டன் போன் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் லட்சக்கணக்கானோர் 22-ஐயும் தட்டினார்கள். பில் குறைந்தது, சில அழைப்புகளுக்குப் பாதியளவு வரைகூட.

தொலைதூரத் தொலைபேசியில் போட்டி பிறந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு நீதிபதியிடமிருந்தோ ஒரு முதலாளியிடமிருந்தோ தொடங்குவார்கள். எனக்கு அந்த விரல்களிடமிருந்து தொடங்கத்தான் மனம் வருகிறது. நாடாளுமன்றம் சட்டம் எதுவும் போடவில்லை. கட்டுப்பாட்டு ஆணையம் கூடாது என்றே சொல்லியிருந்தது. மக்கள்தான், தங்களுக்கு இது வேண்டும் என்பதைத் தினம்தினம் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தைய நிலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1907-ல் ஏடி அண்ட் டி-யின் தலைவராகத் திரும்பி வந்த தியோடர் வெய்லுக்கு, நாடு முழுக்க ஒரே அமைப்பு, ஒரே கொள்கை, எல்லோருக்கும் தொலைபேசி என்பதுதான் கனவு. அந்தக் கனவு பெருமளவு நிறைவேறவும் செய்தது. உள்ளூர் கம்பி, வெளியூர் கம்பி, எக்ஸ்சேஞ்ச், எக்ஸ்சேஞ்சுக்கான கருவிகள் செய்யும் தொழிற்சாலை, டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பெல் ஆய்வுக்கூடம் எல்லாம் ஒரே குடையின் கீழ் இருந்தன. மக்கள் அந்தக் கம்பெனியை 'பெல் அம்மா' என்றுதான் சொன்னார்கள். அம்மா நன்றாகவே கவனித்துக்கொண்டாள், அதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் போன்கூட அவளுடையது, மாத வாடகைக்கு. அதில் வேறு எதையும் மாட்டக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் காதில் பேச்சு விழாமலிருக்க வாய்ப்பக்கம் செருகும் ஒரு கிண்ணத்தை ஒருவர் விற்றார். மின்சாரமோ கம்பியோ இல்லாத வெறும் கிண்ணம். அதற்கும் தடை. 1956-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வாடிக்கையாளர் தன் போனில் அதைச் செருக முடிந்தது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர் கட்டணத்தைக் குறைவாக வைத்து, அந்தக் குறையை வெளியூர் அழைப்பில் வசூல் செய்வது அந்நாட்டு வழக்கம். கம்பெனியும் அரசாங்கக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. வெளியூருக்குப் பேச ஆகும் அசல் செலவோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்தது. செலவு இறங்கிய வேகத்துக்குக் கட்டணம் இறங்கவில்லை. பகலில் முழுக் கட்டணம், மாலையில் கொஞ்சம் தள்ளுபடி, இரவு 11 மணிக்கு மேல் பெரிய தள்ளுபடி. தூரத்தில் இருக்கும் மகளிடம் பேச அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரவு 11 மணிக்கு எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செலவை இறக்கியது மைக்ரோவேவ். இரண்டாம் உலகப் போரின் ராடார் வேலைகளில் வளர்ந்த தொழில்நுட்பம் அது. ஒன்றுக்கொன்று பார்வை படும்படி சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம் நட்டால் போதும், நிலத்தைத் தோண்டிக் கேபிள் புதைக்க வேண்டாம். ஒரு கோபுரம் வாங்கி அடுத்த கோபுரத்துக்கு வீசும், அது அதற்கடுத்ததற்கு. ஏடி அண்ட் டி-யே 1951-ல் இப்படி ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நாட்டை இணைத்துவிட்டது. 1959-ல் எஃப்.சி.சி. என்ற மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், பெரிய கம்பெனிகள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் மைக்ரோவேவ் கோபுரங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. சின்னக் கம்பெனிகளுக்கு அவ்வளவு பணம் ஏது? நாலு பேர் சேர்ந்து ஒரு கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டால் என்ன?

அந்தக் கேள்வியோடு வந்தவர் ஜாக் கோகன். இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் வயர்லெஸ் செட் விற்றுக்கொண்டிருந்தவர். சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே ஓடும் லாரிகளின் டிரைவர்கள் வழிநெடுக ஆபீசோடு பேச முடிந்தால் தன் செட்டுகள் இன்னும் விற்கும் என்பதுதான் அவர் கணக்கு. 1963-ல் சில நண்பர்களோடு மைக்ரோவேவ் கம்யூனிகேஷன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி எஃப்.சி.சி.யிடம் மனுப் போட்டார். எம்.சி.ஐ. என்பது அந்தப் பெயரின் சுருக்கம்தான். நாட்டின் தொலைபேசி முறையை மாற்றப் போகிறேன் என்று அவர் கிளம்பவில்லை. வியாபாரம் கொஞ்சம் பெருக வேண்டும், அவ்வளவுதான்.

பெல் கம்பெனிகளும் தந்தி கம்பெனியான வெஸ்டர்ன் யூனியனும் எதிர்மனுப் போட்டன. கோகன் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார். மனு 6 ஆண்டுக்காலம் கிடந்தது. 1969-ல் 4-க்கு 3 என்ற கணக்கில் அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆதரித்து ஓட்டுப் போட்ட ஆணையர் நிக்கலஸ் ஜான்சன் அப்போது எழுதிய குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆணையமும் பெல்லும் சேர்ந்து சமைத்து வைத்திருக்கும் சப்பென்ற குழம்பில் போட்டி என்ற உப்பையும் மிளகையும் கொஞ்சமாவது போட வழி தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது அதன் சாரம்.

அனுமதி கிடைப்பதற்கு முந்தைய ஆண்டே வில்லியம் மெக்கவன் எம்.சி.ஐ.க்குள் வந்துவிட்டார். கோகன் கண்டது ஒரே ஒரு வழித்தடம். மெக்கவன் கண்டது நாடு தழுவிய வலை. பணம் திரட்டினார், வக்கீல்களைச் சேர்த்தார். எம்.சி.ஐ. என்பது மாடியில் ஆன்டெனா வைத்த வக்கீல் ஆபீஸ் என்று பேச்சு வரும் அளவுக்கு வழக்கு நடத்தினார். 1972 ஜனவரியில் சிகாகோ – செயின்ட் லூயிஸ் தடம் வேலை செய்யத் தொடங்கியது. 1974-ல் கோகன் விலகிப் போனார்.

இதுவரை எம்.சி.ஐ. விற்றது தனித்தடம் மட்டுமே. ஒரு கம்பெனியின் இந்த ஊர் ஆபீசையும் அந்த ஊர் ஆபீசையும் சேர்க்கும் கம்பி, அவ்வளவுதான். அதை வாங்கப் பெரிய இடத்துக்குத்தான் கட்டும். 1970-களின் நடுவில் அவர்கள் எக்ஸிக்யூநெட் என்ற புதுச் சேவையைக் கொண்டுவந்தார்கள். சந்தாதாரர் உள்ளூர் எண்ணுக்குப் போன் செய்து, குறியைத் தட்டி, எம்.சி.ஐ. போய்ச்சேரும் நகரங்களில் எந்த எண்ணுக்கு வேண்டுமானாலும் பேசலாம். தனித்தடம் வாங்க வசதியில்லாத சின்ன வியாபாரிகளும் இதை வாங்க முடிந்தது.

இது சாதாரண வெளியூர் அழைப்பேதான் என்று ஏடி அண்ட் டி புகார் செய்தது. உண்மையும் அதுதான். 1975-ல் எஃப்.சி.சி. சேவையை நிறுத்தச் சொன்னது. எம்.சி.ஐ. நீதிமன்றம் போனது. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் எழுதிய தீர்ப்பு ஒரு எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டது. வெளியூர் அழைப்பு ஒரே கம்பெனியிடம் இருப்பதுதான் பொதுமக்களுக்கு நல்லது என்று ஆணையம் என்றைக்காவது ஆராய்ந்து முடிவு செய்திருக்கிறதா? செய்யவே இல்லை. செய்யாத முடிவின் பேரில் இன்னொருவரைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். இத்தனை ஆண்டுகள் எல்லோரும் இயற்கை விதிபோல எடுத்துக்கொண்ட ஒன்றை யாரும் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்த்ததில்லை என்பது இந்தக் கதையில் என்னை இன்றும் உலுக்கும் இடம். உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு தலையிட மறுத்துவிட்டது.

இதற்கிடையே 1976-ல் பெல் தரப்பு நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவரச் செய்தது. பெயரில் நுகர்வோர் நலன் இருந்தது. உள்ளே, வெளியூர் அழைப்பில் போட்டியை நிறுத்தும் ஏற்பாடு. ஏராளமான உறுப்பினர்கள் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாத் தொகுதியிலும் பெல் ஊழியர்கள் இருந்தார்களே. ஆனால் விசாரணை நடக்க நடக்க, எதிர்ப்பக்கம் இருப்பவர்களின் குரலும் கேட்கத் தொடங்கியது. மசோதா நிறைவேறவே இல்லை.

அந்த 22 எண்கள் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் போனை எடுத்ததும் அழைப்பது எந்த எண் என்பதை எக்ஸ்சேஞ்ச் ஏடி அண்ட் டி-க்குத் தானாகவே சொல்லிவிடும், பில் போட அது போதும். எம்.சி.ஐ.க்கு அப்படிச் சொல்லாது. அதற்குக் கிடைத்த இணைப்பு ஒரு சாதாரணக் கடைக்குக் கொடுக்கும் இணைப்பைப் போன்றது. அழைப்பது யார் என்று தெரியாததால் நீங்களே குறி சொல்லி உங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. குரல் மங்கியதற்கும் அந்த இணைப்பின் தரம் ஒரு காரணம்.

1980-ல் எம்.சி.ஐ. வீடுகளுக்கும் இந்தச் சேவையை விற்க ஆரம்பித்தது. சதர்ன் பசிபிக் ரயில்வேயிலிருந்து கிளைத்த ஸ்பிரின்ட்டும் களத்தில் இருந்தது. நீங்கள் அதிகம் பேசவில்லை, அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்ற தோரணையில் டி.வி.யில் விளம்பரம் ஓடியது. அதே ஆண்டு சிகாகோவில், பெல் தன்னை நசுக்கப் பார்த்தது என்று எம்.சி.ஐ. போட்ட வழக்கில் ஜூரிகள் 60 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். ஏகபோகத் தடைச் சட்டப்படி அது மும்மடங்காகி 180 கோடி ஆனது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அந்தத் தொகை மிகவும் சுருங்கிவிட்டது என்பது வேறு விஷயம். ஜூரியில் உட்கார்ந்தவர்கள் வீட்டில் போன் பில் கட்டும் சாதாரண மனிதர்கள்.

அதே ஏகபோகத் தடைச் சட்டப்படி அரசாங்கமே 1974-ல் ஏடி அண்ட் டி மீது போட்டிருந்த வழக்கு நீதிபதி ஹெரால்ட் கிரீன் முன் நடந்தது. 1982 ஜனவரி 8 அன்று இரு தரப்பும் சமரசம் அறிவித்தன. உள்ளூர் கம்பெனிகளை ஏடி அண்ட் டி விட்டுவிட வேண்டும். சமரசம் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று சட்டம் இருந்தது. 600-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. எல்லாம் ஆதரவு என்று சொன்னால் பொய்யாகும். வெளியூர் வருமானம் போனால் கிராமத்துப் பாட்டியின் உள்ளூர் கட்டணம் ஏறும் என்ற பெல்லின் வாதத்தில் உண்மை இருந்தது. 1985-ல் ஒவ்வொரு வீட்டுக் கம்பிக்கும் மாதம் 1 டாலர் புதுக் கட்டணம் வந்தது, 1989-க்குள் அது 3.50 டாலர் ஆனது. வெளியூருக்கே பேசாத வீடுகளும் அதைக் கட்டின. வெளியூர் கட்டணம் அந்த ஆண்டுகளில் இறங்கியதற்கு இந்த இடமாற்றமும் ஒரு பெரிய காரணம். போட்டியை மனதார ஆதரிக்கும் நான் இதை மறைத்துவிட்டு எழுத விரும்பவில்லை. ஏழை வீடுகளுக்குச் சலுகைத் திட்டம் ஒன்று அப்போதே தொடங்கப்பட்டது. அது இல்லாவிட்டால் இந்த மாற்றம் அநியாயமாகவே இருந்திருக்கும்.

1984 ஜனவரி 1 அன்று பெல் அம்மா பிரிந்தாள். கிரீனின் உத்தரவில் எனக்கு முக்கியமாகப் படுவது சம இணைப்பு என்ற பகுதி. எல்லா வெளியூர் கம்பெனிகளுக்கும் ஏடி அண்ட் டி-க்குத் தரும் அதே தரத்தில் உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் இணைப்புத் தர வேண்டும். அதற்காக எக்ஸ்சேஞ்ச்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். மாற்றும் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சீட்டு வரும், கிட்டத்தட்ட ஓட்டுச்சீட்டு மாதிரியே. ஏடி அண்ட் டி, எம்.சி.ஐ., ஸ்பிரின்ட், ஆல்நெட் என்று பெயர்கள். ஒன்றைக் குறித்து அனுப்ப வேண்டும். சீட்டே அனுப்பாதவர்கள் பலர். அவர்களையெல்லாம் பழைய கம்பெனிக்கே கொடுத்துவிடுவதா என்ற தகராறு வந்தது. 1985-ல் எஃப்.சி.சி., குறித்து அனுப்பியவர்கள் எந்த விகிதத்தில் தேர்ந்தெடுத்தார்களோ அதே விகிதத்தில் மற்றவர்களையும் பிரித்துக் கொடுங்கள் என்று சொன்னது. வாய் திறந்தவர்களின் விருப்பம், திறக்காதவர்களுக்கும் வழிகாட்டியது. ஏறத்தாழ முழுச் சந்தையையும் வைத்திருந்த ஏடி அண்ட் டி-யின் பங்கு, 10 ஆண்டுகளில் 60 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது.

சம இணைப்பு முதலில் வந்த ஊர் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன். 1984 ஜூலை. அந்த மாதம் அங்கே எம்.சி.ஐ.யைத் தேர்ந்தெடுத்த ஒருவர் வெளியூருக்குப் பேச 1 என்று தொடங்கி 11 எண்களைத் தட்டினார், மறுமுனையில் மணி அடித்தது. சுவரில் போன் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டை இனிமேல் கிழித்துவிடலாம்.